மேல்பலகையில் சொன்னது

மெர்யா கெரானெனை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் ஊராட்சி நூலகத்தில், எங்கள் நாட்டில் நவம்பரில் வருகிற தந்தையர் தினத்துக்கு முந்தின வியாழக்கிழமை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்த மாதம் அதைக் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். தாத்தா கோடாலியோடு காட்டுக்குப் போனவர். அப்பா ரைமோ மரம் அறுக்கும் இயந்திரத்தில் ஏறிப் போகிறவர். நான் ஒவுலுவில் இலக்கியம் படித்துவிட்டு, நூலகச் சாவிக்கொத்தோடு போனேன்.

போனதும் செய்த முதல் காரியம் எழுத்தாளர் சந்திப்பு. நம் ஊரிலேயே பிறந்து, ஹெல்சிங்கியில் பேர் வாங்கி, இப்போது திரும்பி வந்து நூலகத்துக்குப் பின்னால் ஊராட்சியின் வரிசை வீட்டில் குடியிருக்கும் நாவலாசிரியரை இதுவரை யாருமே கூப்பிடவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். அப்பாவிடம் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு தோலை உரித்தபடி, "கூப்பிடு, கூப்பிடு. காப்பி மட்டும் கொஞ்சமா போடு," என்றார். ஏன் என்று அப்போது கேட்டிருக்கலாம்.

மெர்யா ரப்பர் பூட்ஸோடு வந்தார். ஐம்பத்தேழு வயது, ஒல்லி, குட்டையாக வெட்டிய நரைமுடி. வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"யார் வீட்டுப் பையன் நீ?"

"கர்வோனென் ரைமோ மகன். பேரு நீலோ."

"ரைமோவா? பள்ளிக்கூடத்துல என் சடையில தார் பூசினானே, அந்த ரைமோவா? அவனுக்குப் பொறந்தது புத்தகத்தோட உக்காந்திருக்கா!"

"ஒவுலுவுல பட்டம் வாங்கியிருக்கேன்," என்றேன்.

"தெரியுது. மூஞ்சியிலயே ஒட்டியிருக்கு."

எங்கள் பக்கம் பாதிரியாரிலிருந்து டாக்டர்வரை எல்லாருக்கும் 'நீ'தான். ஆனாலும் மெர்யா சொல்கிற 'நீ'யில் ஒரு குத்தல் இருக்கும். அது எனக்குப் பிடித்துப்போனது.

போட்ட நாற்காலிகளில் முக்கால்வாசி காலி. வந்தவர்களிலும் பாதிப்பேர் ஏலக்காய் ரொட்டிக்காக வந்தவர்கள். முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியில் மெர்யா தன் கோட்டை மடித்து வைத்திருந்தார். கிழவி சில்வி அதில் உட்காரப் போனபோது, "அது தெர்ஹோவுக்கு. அண்ணன் வருவான்," என்றார்.

கரண்டி சத்தம்கூட நின்றுபோனது. பின்வரிசையில் இருந்த பழைய தபால்காரர் எர்க்கி மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது: "தெர்ஹோ வந்தா நான் இந்த ரொட்டிய தட்டோட தின்னுடறேன்."

மெர்யா வாசிக்கத் தொடங்கினார். வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் வரியின் நடுவில் நின்று பார்த்தார். கடைசியில் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், "ஒம்பது கிலோமீட்டர்தான். ரோட்டுல பனிகூட இல்ல," என்றார்.

அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னது கொஞ்சம். மீதியை மெர்யாவே அடுத்த மாதங்களில் நூலகத்து ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னார்.

கெரானென் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், சாலை முடிகிற இடத்தில். சில மாடுகள், ஓர் உருளைக்கிழங்கு நிலம், மிச்சமெல்லாம் காடு. மெர்யாவின் அப்பா ஔலிஸ் வானிலையைத் தவிர வேறெதையும் பேசாத மனிதர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பால் கேன்களை வைக்கிற சாலையோர மேடைக்குப் பக்கத்தில் நூலக வண்டி வந்து நிற்கும். ஓர் அட்டைக்கு இத்தனை புத்தகம்தான் என்று கணக்கு. மெர்யாவுக்கு அது போதாது. அண்ணன் தெர்ஹோ படிக்கிற ஜாதியில்லை. ஆனால் தங்கைக்காக அவனும் ஓர் அட்டை வாங்கினான். குளிர்காலத்தில், காலால் உதைத்துத் தள்ளுகிற சறுக்குவண்டியில் புத்தகப் பையைக் கட்டி, தங்கையையும் உட்காரவைத்து, பனியில் தள்ளிக்கொண்டு வருவான். "என்னத்தடி இவ்வளவு படிக்கற? எல்லாத்துலயும் கடைசில சாகத்தானே போறாங்க?" என்று கேட்பானாம். அவன் பேரில் எங்கள் நூலகத்தில் பதிவான புத்தகங்கள் எல்லாம் மெர்யா படித்தவை.

பத்தொன்பது வயதில் மெர்யா ஹெல்சிங்கி போனார். பேக்கரியில் மாவு பிசைந்தார், தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தார், மீதி நேரத்தில் எழுதினார். முதல் நாவலைப் பெரிய பத்திரிகை ஒன்று நாலு வரியில் பாராட்டியது. இரண்டாவதுக்கு அதுவும் இல்லை. அடுத்த வசந்தத்தில் இரண்டும் பேரங்காடியின் தள்ளுபடிக் கூடையில் காலுறைகளோடு கிடந்தன, அவரே பார்த்தார். நாடகக் கொட்டகையில் விளக்கு போடுகிற ஒருவரைக் கட்டினார், சில வருஷத்தில் அவரும் விட்டுவிட்டுப் போனார். அரசாங்க உதவித்தொகை ஒரு வருஷம் வந்தது, பிறகு வரவில்லை. எது நின்றாலும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரயிலேறி ஊருக்கு வருவார். ஸ்டேஷனில் தெர்ஹோ காரை ஓடவிட்டபடி நிற்பான். மறுநாள் மதியம் நீராவிக் குளியல் அறையில் அடுப்பு மூட்டிவிட்டு, பனிமுற்றத்தைக் கடந்து வந்து வீட்டுக் கதவைத் தட்டி, "சவுனா சூடாயிருக்கு," என்பான். எங்கள் ஊரில் அன்பு, மன்னிப்பு, நல்வரவு எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு சொல்தான்.

அப்பா ஔலிஸ் செத்தது ஒரு மார்ச் மாதத்தில், காட்டில், மரம் இழுக்கும்போது. கட்டை உருண்டு மேலே விழுந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. இருபது வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சவுனாவில் ஆவி பிடிக்க உட்காருகிற மேல்பலகையில், இருட்டில், அடுப்பின் சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டு தெர்ஹோ அதைத் தங்கையிடம் சொன்னான்.

அன்று காலையில் அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை. அப்பா தனியாகப் போனார். தெர்ஹோ சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். காட்டிலிருந்து டிராக்டர் சத்தம் வந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை, ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. மரம் இழுக்கிற டிராக்டர் அப்படி ஓடாது. ஓட்டுகிறவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரிந்தது. கோபத்தில், "கிடக்கட்டும் கிழவன்," என்று இன்னொரு கப் ஊற்றிக் குடித்தான். அதற்குப் பிறகுதான் போனான். டாக்டர், விழுந்த நிமிஷமே உயிர் போயிருக்கும் என்றார். தெர்ஹோவுக்கு அது காதில் ஏறவில்லை.

மெர்யா அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்லில் ஊற்றினார். ஆவி எழுந்தது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

மறு கிறிஸ்துமஸுக்கு அடுத்த இலையுதிர் காலத்தில் அவருடைய மூன்றாவது நாவல் வந்தது, 'ஓடிக்கொண்டிருந்த இயந்திரம்'. ஊர் வேறு, பேர் வேறு, கதாநாயகனுக்குக் கண் நிறம்கூட வேறு. ஆனால் அந்த இரண்டாவது கப் அதில் இருந்தது. விமர்சகர்கள் அதைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். பரிசு வந்தது. வானொலியில் தொடராக வாசித்தார்கள். தந்தையர் தினத்துக்கு நாடு முழுக்கப் பிள்ளைகள் அதை அப்பாக்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். என் அப்பா பள்ளிக்கூடம் விட்டபிறகு முழுசாகப் படித்த ஒரே நாவல் அதுதான். நான் என் ஆய்வுக் கட்டுரையை அதைப் பற்றித்தான் எழுதினேன். அது நிஜமாக நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரார் அப்படித்தான், எல்லாம் தெரியும், எதையும் சொல்லமாட்டார்கள்.

தெர்ஹோ அதைப் படிக்கவில்லை. சாலையோரத்துப் பெட்ரோல் பங்க்கில் காலைக் காப்பிக்கு ஆண்கள் கூடுவார்கள். நாவல் வந்த இரண்டாம் வாரம் அவன் காப்பி குடித்துவிட்டு எழுந்தபோது, எர்க்கி கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாராம்.

"உக்காரு தெர்ஹோ, என்ன அவசரம்? இன்னொரு கப் குடிச்சிட்டுப் போ. கிழவன் எங்கயும் போயிடமாட்டான்."

சிலர் சிரித்தார்கள். என் அப்பா சிரிக்கவில்லை என்கிறார், நம்புகிறேன். தெர்ஹோ தொப்பியை எடுத்துக்கொண்டு போய், நேராகப் புத்தகக்கடைக்காரியிடம், "என் தங்கச்சி எழுதினதுல காப்பி வருதா?" என்று மட்டும் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு யார் வீட்டிலும் அவன் காப்பி குடித்ததில்லை. எங்கள் நாட்டில் காப்பி வேண்டாம் என்பவன், மனிதர்களே வேண்டாம் என்று சொல்கிறான் என்றுதான் அர்த்தம்.

அந்த வருஷம் மெர்யா ரயிலிலிருந்து இறங்கியபோது ஸ்டேஷனில் கார் இல்லை.

அதற்கப்புறம் அவர் எழுதிய இரண்டு நாவல்களும் விழுந்தன. "முந்தினது மாதிரி ஒண்ணு குடு," என்று பதிப்பகத்தில் சொன்னார்களாம், அடுப்பில் இருக்கிற ரொட்டியைக் கேட்கிற மாதிரி. ஹெல்சிங்கி வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் ஊருக்கு வந்தார். எல்லாரிடமும் சொன்ன காரணம் அது. என்னிடம் ஒருநாள் வேறொன்று சொன்னார்.

"சனிக்கிழமை சாயங்காலம் இந்த ஜன்னல்லேந்து பாத்தா ஏரிக்கு அந்தப் பக்கம் புகை தெரியும். எங்க வீட்டு சவுனா. ஒரு வாரம் இல்லாட்டி ஒரு வாரம் வந்து கூப்பிடுவான்."

"நீயே போய் மன்னிப்புக் கேளேன்."

"எதுக்கு? நான் எழுதினதுல ஒரு வரி பொய் இருக்கா?"

"கேட்டுட்டு எழுதியிருக்கலாமே."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பான்."

"அப்போ?"

"அப்போ புத்தகம் இல்ல. நீ எதப் பத்தி ஆய்வு பண்ணியிருப்ப, பட்டதாரி?"

படித்ததில் எதுவும் உதவவில்லை.

"அவனுக்கு நான் நல்லதுதான் செஞ்சேன்," என்றார் மெர்யா. "இருபது வருஷமா நெஞ்சுல வெச்சிருந்தான். லட்சம் பேர் படிச்சு அவனுக்காக அழுதாங்க. ஒருத்தராவது அவனக் கொலைகாரன்னாங்களா?"

மறு அக்டோபரில் என் அப்பாவின் விறகு பிளக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு தெர்ஹோ வீட்டுக்குப் போனேன். நாள் முழுக்க பிர்ச் கட்டைகளைப் பிளந்தோம். பெரிய ஆள், கை இரண்டும் மண்வெட்டி மாதிரி. மதியம் மீன் சூப்பும் கம்பு ரொட்டியும் கொடுத்தார். காப்பிக்குப் பதில் பால். முற்றத்தில் விறகடுக்கு அருகில் நின்றுகொண்டு, நான் கேட்காமலே பேசினார்.

"அவ உன்கிட்ட வந்து உக்காந்து பேசறாளாமே."

"பேசும்."

"என்ன சொல்றா?"

"நிஜத்ததானே எழுதினேன்னு சொல்லுது."

தெர்ஹோ ஒரு கட்டையை எடுத்து, பார்த்து, அடுக்கில் வைத்தார். "நிஜம்தான். யார் இல்லன்னா? அப்பா விஷயத்த அவ சமையக்கட்டுல கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பேன், எழுதுன்னுகூட சொல்லியிருப்பேன். எர்க்கி சிரிச்சதெல்லாம் ஒண்ணுமில்ல, அவன் பொறந்ததே அதுக்குத்தான். ஆனா நான் மேல்பலகையில சொன்னேன். அங்க சொன்னத எங்கப்பன் வெளிய கொண்டுவந்ததில்ல, அவங்கப்பன் கொண்டுவந்ததில்ல. ஊர்ல திருடன்கூட கொண்டுவந்ததில்ல."

"இத மெர்யாகிட்ட சொல்லலாமா?"

"முத்தத்துல நின்னுதானே சொன்னேன். சொல்லு."

அன்று வேலை முடிந்து சவுனாவிலும் உட்கார்ந்தோம். அங்கேயும் அவர் ஒன்று சொன்னார். அது இந்தக் கட்டுரையில் வராது.

மெர்யாவிடம் முற்றத்துப் பேச்சைச் சொன்னேன். முதலில் சிரித்தார். "பலகையா? அப்பா சாவு இல்ல, நான் ஊருக்குச் சொன்னது இல்ல, பலகைதான் பிரச்சனையா?" பிறகு முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சின்ன விஷயம் என்று நினைத்துவிட்டார். இவ்வளவு காலம் பெரிய குற்றத்துக்குத் தண்டனை என்று இருந்தவருக்கு, இது பழங்கால வழக்கம் ஒன்றின் மனத்தாங்கல்தான், நேரில் போனால் கரைந்துவிடும் என்று பட்டிருக்கிறது. தெர்ஹோவுக்கு எது பெரியது என்று அந்த வீட்டிலேயே வளர்ந்தவருக்குத் தெரியவில்லை. தெரிந்து மறந்தாரோ என்னவோ.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போறேன்," என்றார். "வாசல்ல நின்னா துரத்தவா போறான்?"

துரத்தவில்லை. என்ன நடந்தது என்பதை விடுமுறை முடிந்து நூலகம் திறந்த அன்றே வந்து சொன்னார்.

மதியம் டாக்சியில் போய் இறங்கியிருக்கிறார். கையில் துண்டும், அண்ணனுக்கு ஒரு கம்பளி கையுறையும். சவுனா புகைபோக்கியில் புகை. தெர்ஹோ முற்றத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையால் சவுனாவைக் காட்டி, "சூடாயிருக்கு. போ," என்றான்.

"அந்த ரெண்டு வார்த்தைக்காக எத்தன வருஷம்," என்றார் மெர்யா.

உள்ளே போய் மேல்பலகையில் உட்கார்ந்தார். அண்ணன் வருவான் என்று காத்திருந்தார். பழைய இடத்தை, சுவரோரத்தை, அவனுக்கு விட்டு உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றினார். யாரும் வரவில்லை. அடுப்பு அடங்கத் தொடங்கியபிறகு துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சவுனாவின் முன்திண்டில், பனியைத் துடைத்துவிட்டு, தெர்ஹோ காப்பிப் பானையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரே ஒரு கப், அம்மாவின் நீலப்பூ போட்ட கப். ஊற்றிக் கொடுத்தான். மெர்யா நின்றபடியே குடித்தார். அவர் பேசினார், அவன் கேட்டான். பலகை விஷயம் தனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றார். தப்புதான் என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தை வாயில் வந்தது என்கிறார். அவன் தலையை ஆட்டினான்.

கப் காலியானது. அவர் அதை நீட்டினார். எங்கள் பக்கம் கடன் வசூலிக்க வந்தவனுக்கும் இரண்டாவது கப் ஊற்றாமல் அனுப்புவதில்லை. தெர்ஹோ எழுந்தான். கப்பை மெதுவாக வாங்கி வைத்தான். பானையை எடுத்து, மூடியைத் திறந்து, மிச்சம் இருந்த காப்பி முழுவதையும் படிக்குப் பக்கத்துப் பனியில் கவிழ்த்தான்.

"டாக்சிக்கு போன் பண்ணு," என்றான். "இருட்டிடுச்சு."

கையுறையை மெர்யா திண்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

சொல்லி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆறுதலாகச் சொல்ல எதையோ தேடினேன். அதற்குள் அவரே வாயைத் திறந்தார்.

"பனி எப்படி இறங்கிச்சு தெரியுமா நீலோ? சூடு பட்ட இடம் அப்படியே உள்ள போச்சு. பழுப்பா ஒரு குழி, ஓரம் மட்டும் கண்ணாடி மாதிரி. ஆவி அவன் முழங்கால் வரைக்கும் வந்துச்சு. அவன் நகரல. நல்லா இருந்துச்சு, பாக்க."

நான் கேட்டேன்: "இதையும் எழுதப் போறியா?"

"இது பலகையில சொன்னதில்லையே," என்றார். "முத்தத்துல நடந்தது."

அடுத்த செப்டம்பரில் ஆறாவது நாவல் வந்தது. எனக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுத்தார். பனியில் காப்பி விழுகிற பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதைவிட நன்றாக யாராலும் எழுதமுடியாது. படித்தவன் என்கிற முறையில் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பரிசு எதுவும் வரவில்லை. ஊரில் நாலைந்து பேர் எடுத்துப் படித்தார்கள். எர்க்கி பெட்ரோல் பங்க்கில் ஏதோ சொன்னாராம், இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அப்பா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார். "இவகிட்ட இனிமே யாரும் எதையும் சொல்லமாட்டாங்கடா," என்றார். அது உண்மையாகிவிட்டது. மெர்யா வந்தால் பங்க்கில் வானிலையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

தெர்ஹோ தன் பேரில் இருந்த நூலக அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். அட்டை மஞ்சளித்து, மூலை கிழிந்திருந்தது. "இத ரத்து பண்ணு," என்றார். "நான்தான் படிக்கறதில்லையே."

ரத்து செய்தேன்.

மெர்யா கெரானெனுக்கு இப்போது ஐம்பத்தொன்பது. வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் இருக்கிறார். காலையில் ஊராட்சிப் பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவுகிறார், மதியம் எழுதுகிறார். சனிக்கிழமை அந்தக் குடியிருப்பின் பொது சவுனாவில் அவர் முறை வரும். தனியாகப் போய் வருகிறார். தெர்ஹோ ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். சனிக்கிழமைகளில் புகை தெரிகிறது.